ஆரோக்கியர் எண் பதினேழு

ஜூன் 3, செவ்வாய்

மூன்று வாரமாகக் காத்திருந்த கிட் இன்று வந்துவிட்டது. பெங்களூரிலிருந்து வந்த பெட்டியைக் கூரியர்காரர் கேட்டில் காவலரிடம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நல்லவேளை, உள்ளே ஐஸ் முழுக்க உருகவில்லை. பிரித்து நாலு டிகிரி பிரிட்ஜில் வைத்தேன்.

டாக்டர் நாச்சியார் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுதான் அனுப்பிருக்காவளா? ரெண்டுல்லா கேட்டோம்" என்றார். இந்த ஆய்வகத்தின் தலைவர் அவர்தான். குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே எல்லோருக்கும் பயம்.

ஒரு கிட்டில் ஒரு பிளேட், அதில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். முதல் வரிசை, அளவு தெரிந்த மாதிரிகளை வைத்து ஒப்பிடுவதற்குப் போய்விடும். மீதியில் நாற்பத்திரண்டு பேரின் ரத்தத்தைப் பார்க்கலாம், ஆளுக்கு இரண்டு குழி.

பார்க்கப்போவது பி-53 என்ற புரதம். ஒரு செல் கெட்டுப்போய்த் தறிகெட்டுப் பெருகப் பார்த்தால் அதை நிறுத்திவைப்பது இதன் வேலை. இதை உண்டாக்கும் மரபணுவே பழுதானால், வேலைக்கு உதவாத புரதம் அழியாமல் குவிந்துகொண்டே போகும். சிலருக்கு ரத்தத்திலும் தென்படும். வாய்ப் புற்றுநோயாளிகளுக்கு அது எவ்வளவு இருக்கிறது, நோயில்லாதவர்களுக்கு எவ்வளவு இருக்கிறது என்று ஒப்பிடுவதுதான் டாக்டரின் ஆய்வு. அளப்பது நான். பதினொரு வருடமாக இதே மேஜை.

வீட்டில் மோட்டார் ஓடவில்லை. எதிர்வீட்டுக் குழாயில் ஆறு குடம் பிடித்தேன். ஒருத்திக்கு ஆறு குடம் அதிகம்தான். பழக்கம்.

ஜூன் 5, வியாழன்

நோயில்லாதவர்களின் ரத்தம் இரண்டு குறைந்தது. ரத்தம் எடுக்கும் நர்ஸ் ரஹ்மத் அக்கா என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, மேலப்பாளையம். ஊசி குத்தினதே தெரியாது.

"ஏளா ஜெபா, வயசு நாப்பதா? பாத்தா தெரியல." பாரத்தை அவரே நிரப்பினார். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் இல்லை. அம்மா போனது மூளைக்காய்ச்சலில், அப்பா மாரடைப்பில்.

"கூடப் பொறந்தவங்க?"

"யாரும் இல்லக்கா."

அவர் எழுதிக்கொண்டார். பாரத்தின் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். என் ரத்தத்துக்கு 'ஆரோக்கியர் எண் 17' என்று ஒட்டி உறைபெட்டியில் வைத்தாயிற்று.

ஜூன் 8, ஞாயிறு

கோயிலில் பிரசங்கம் நீண்டுவிட்டது. வந்து மீன்குழம்பு.

ஹெப்சி வாட்ஸ்அப்பில் படத்தை மாற்றியிருக்கிறாள். வேறு யாரோ அனுப்பியதைத் தேடும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது. முன்பு ரோஜாப்பூ இருந்தது, அதற்கு முன்பு கடல், அதற்கு முன்பு ஒரு சின்னக் கை மட்டும். இப்போது ஒரு ஜெராக்ஸ் மெஷின். கடை வைத்திருக்கிறாள் போல.

ஹெப்சி என் தங்கை. நாலு வயது இளையவள். ரஹ்மத் அக்காவிடம் அப்படிச் சொன்னது, பாரத்தில் இடம் சின்னதாக இருந்ததால்தான். விளக்கம் சொல்லப் போனால் பெரிதாகிவிடும்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று பிளேட் ஓட்டினேன். காலை எட்டரைக்குத் தொடங்கி மூன்று மணிவரை.

குழிகளின் அடியில் பி-53ஐ மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கும். அதில் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை விட்டு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு கழுவ வேண்டும். அடுத்த எதிர்ப்பொருள், மறுபடி கழுவல். பிறகு நொதி, மறுபடி கழுவல். கடைசியில் சாயத்துக்கான திரவம். புரதம் இருக்கும் குழி நீலமாகும், அமிலம் விட்டதும் மஞ்சளாகும். மெஷின் அந்த மஞ்சளைப் படித்து எண்ணாகத் தரும். கழுவுவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒட்டாத நொதி மிச்சமிருந்தால் இல்லாத புரதம்கூட இருப்பதாகக் காட்டும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக் கொடுப்பதே இதைத்தான். எட்டு முனைப் பிப்பெட்டால் எட்டு வரிசையையும் ஒருசேரக் கழுவினேன்.

கடைசி வரிசை எச். அதில் ஐந்து நோயாளிகள், ஆறாவது ஆரோக்கியர் 17.

மற்ற ஆரோக்கியர்கள் எல்லோருக்கும் கிட்டத்தட்டப் பூஜ்யம். பதினேழுக்கு, இதைத் தாண்டினால் கூடுதல் என்று வைத்திருக்கும் எல்லைக்கோட்டைப் போல நாலு மடங்கு. இரண்டு குழியும் ஒரே மாதிரி.

தாளை எடுத்துக்கொண்டு போய் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்தேன். கை நடுங்கியது. ஹெப்சிக்குச் சொல்லியாக வேண்டும் என்று நினைத்தேன். மரபணுவில் கோளாறு என்றால் அவளுக்கும் இருக்கலாம். அவள் பிள்ளைக்கும். சொல்லாமல் இருப்பது தப்பு. இது கடமை.

ஜூன் 11, புதன்

டாக்டரிடம் தாளில் பதினேழின் எண்ணை மட்டும் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது யாரு?"

"நான்தான் டாக்டர்."

கதவைச் சாத்தச் சொன்னார். "உக்காரு. ஒரு ரீடிங்க வச்சு யாருக்கும் ஒண்ணும் சொல்லப்பிடாது. ஊருக்கெல்லாம் நீதான் சொல்லுவ, இப்ப நான் ஒனக்குச் சொல்லுதேன். புதுசா ரத்தம் குடு. அடுத்த கிட் வந்ததும் மறுபடி பாப்போம். அப்பவும் கூடுதலா இருந்தா மரபணு டெஸ்டுக்கு அனுப்புவோம். வீட்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரு தங்கச்சி. தூத்துக்குடில."

என் பாரத்தை எடுத்துப் புரட்டினார். "இதுல இல்லன்னு போட்டிருக்கு."

ஏன் என்று கேட்கவில்லை. பாரத்தை மூடி வைத்துவிட்டு, "உறுதியாகட்டும். அதுக்கு முன்ன அந்தப் பிள்ளைக்குப் போன் பண்ணிப் பதற வைக்காத" என்றார்.

அடுத்த கிட் வர இரண்டு வாரமாம்.

ஜூன் 12, வியாழன்

கட்டி ஏதும் இருக்கிறதா என்று வயிற்றையும் கழுத்தையும் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இப்படித் தடவினால் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும்.

ஜூன் 14, சனி

உறுதியானால் எப்படிச் சொல்வது என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஹெப்சி, அக்கா பேசுதேன். பயப்படாத. ஒரு டெஸ்ட் எடுத்தேன்." வேண்டாம், எடுத்த எடுப்பில் டெஸ்ட் என்று சொல்லக் கூடாது.

"ஹெப்சி, நல்லாருக்கியா? ஒரு முக்கியமான விசயம், அதான் கூப்ட்டேன்."

அவள் என்ன கேட்பாள் என்பதையும் சொல்லிப் பார்த்தேன். "ஒனக்கு என்னக்கா? எப்பலேருந்து? ஏன் மொதல்லயே சொல்லல?" அவள் அழுவாள். நான் அழ வேண்டாம் என்பேன். அவள் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வருவாள். முன்னறையில் படுக்கை விரிக்க வேண்டும், பழைய தலையணை உறை ஆகாது. பிள்ளைக்குப் பால் வாங்கி வைக்க வேண்டும்.

அடுப்பில் கீரை கருகிவிட்டது.

ஜூன் 16, திங்கள்

இரண்டு தலையணை உறை வாங்கினேன்.

ஜூன் 18, புதன்

இன்று புதன். அப்பா இறந்ததும் ஒரு புதன்தான். மூன்று வருடம் ஆகிவிட்டது. எழுதிவிடலாம்.

ஹெப்சி வீட்டைவிட்டுப் போய் ஒன்பது வருடம். அவள் கட்டிக்கொண்ட சுடலைமணி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வேறு மதம், வேறு சாதி. அப்பாவுக்கு இரண்டுமே ஆகாது. வாத்தியாராக இருந்தவர். அடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. வாசல்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். ஹெப்சி பையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றாள். குக்கர் விசில் அடித்தது. நான் அடுப்பை அணைக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அப்பா கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். அது இரண்டாவது விசில். மூன்று விசில் வரை விட்டிருக்கலாம்.

அப்பா போன அன்று காலை அவள் எண்ணை எடுத்துவிட்டேன். பச்சைப் பொத்தானை அமுக்குவதுதான் பாக்கி. பெரியப்பா பார்த்துவிட்டார். "அவளுக்குச் சொன்னியானா நாங்க யாரும் பெட்டியத் தூக்க மாட்டோம், பாத்துக்கோ" என்றார். போனைப் பைக்குள் போட்டேன். மறுநாள் அடக்கம் முடிந்துவிட்டது.

நாலாம் நாள் கல்லறைத்தோட்டத்தில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு யார் சொன்னார்களோ, வந்தாள். இடுப்பில் பிள்ளை. சுடலைமணி கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். அவள் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டாள். அழவில்லை. போகும்போது என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"ஒரு போன் பண்ணிருக்கலாம்லாக்கா."

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. போன் பண்ண எனக்கு ஒரு காரணம் வேண்டாமா? மூன்று வருடமாக ஒரு காரணமும் அமையவில்லை.

ஜூன் 21, சனி

தூத்துக்குடி போனேன். மக்ரூன் வாங்கலாம் என்று. மக்ரூன் பாளையங்கோட்டையிலும் கிடைக்கும், ஆனால் தூத்துக்குடியில் வாங்குவது போல வராது.

அவள் கடை மில்லர்புரத்தில் இருப்பது படத்தில் பின்னால் தெரிந்த பெயர்ப்பலகையிலிருந்து தெரியும். எதிரே பஸ் நிறுத்தம். நிழலும் இருந்தது, உட்கார்ந்தேன். சின்னக் கடைதான், ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர். ஹெப்சி கண்ணாடி போட்டிருக்கிறாள். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. உடம்பு கொஞ்சம் போட்டிருக்கிறாள். தாளை மெஷினில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்கிறாள், அம்மா நிற்பது போல. அம்மா போனபோது அவளுக்கு ஐந்து வயது. அவள் அதைப் பார்த்துப் பழகியிருக்க முடியாது.

உள்ளே ஸ்டூலில் ஒரு பெண்பிள்ளை ஆடிக்கொண்டே ஏதோ எழுதிக்கொண்டிருந்தது. "ஷைனி, விழுந்து தொலைக்காத" என்று ஹெப்சி சொன்னது ரோட்டைத் தாண்டிக் கேட்டது. குரல் மாறவே இல்லை.

ஷைனி.

டாக்டர் சொல்லியிருக்கிறார், உறுதியாகும்வரை பேசக் கூடாது என்று. அதனால்தான் ரோட்டைக் கடக்கவில்லை. ஆறு பஸ் போனது. ஏழாவதில் ஏறினேன். மக்ரூன் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

கிட் வந்துவிட்டது. நாளை மறுநாள் ஓட்டலாம். ரஹ்மத் அக்கா, "துஆ செய்துருக்கேன்ளா, ஒண்ணும் இருக்காது" என்றார். தலையாட்டினேன். எதற்காகத் தலையாட்டினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 26, வியாழன்

எனக்கு ஒன்றும் இல்லை.

புது ரத்தம், பழைய ரத்தம் இரண்டையும் மும்மூன்று குழியில் வைத்தேன், மூன்று வேறு வரிசைகளில். டாக்டர் முழு நேரமும் பக்கத்தில் நின்றார். ஆறு குழிகள் போதாது என்று சொல்கிறவர் போல அவரே இன்னும் மூன்று சேர்த்தார். அமிலம் விட்டதும் நோயாளிகள் சிலரின் குழிகள் மஞ்சளாயின. என்னுடையவை தண்ணீர் மாதிரி தெளிந்து கிடந்தன. மெஷினில் படிக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

"அப்பாடா" என்று ரஹ்மத் அக்கா என் கன்னத்தைத் தடவினார். டாக்டர் பழைய தாளை வாங்கிப் பார்த்தார். விரலைக் குறுக்கே ஓட்டிக்கொண்டே போய்க் கடைசி வரிசையில் நிறுத்தினார்.

"எச் வரிசை பூராவும் ஏறியிருக்கு. அஞ்சு நோயாளியும் கூடுதல், நீயும் கூடுதல். வேற எந்த வரிசையிலயும் இப்படி இல்ல. கழுவும்போது எட்டாவது முனை லூசா இருந்திருக்கு ஜெபராணி."

அப்படித்தான். அந்த முனையிலிருந்து திரவம் சரியாக இறங்கவில்லை, கழுவல் அரைகுறை. ஒட்டாத நொதி அங்கேயே நின்றிருக்கிறது. ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூட அந்தத் தாளைப் பார்த்தால் தெரியும்.

"பதினோரு வருசமா நீ மொதல்ல பாக்கறதே வரிசையத்தானே. இத எப்படிப் பாக்காம விட்ட?"

"தெரியல டாக்டர்."

"அந்த அஞ்சு பேரையும் திரும்ப ஓட்டணும். நாம பாக்காம விட்டிருந்தா தப்பான நம்பர் ஆய்வுக்குள்ள போயிருக்கும்."

"ஓட்டுதேன்."

அவர் போகும்போது தோளில் கை வைத்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். சாப்பிடவில்லை. நோய் இல்லை என்று ஆனவளுக்குப் பசிக்க வேண்டாமா?

ஜூன் 27, வெள்ளி

ஐந்து பேரையும் திரும்ப ஓட்டினேன். இருவருக்கு எல்லைக்கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது. குறிப்பேட்டில் என் பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அங்கே எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அன்று அந்தத் தாள் மெஷினிலிருந்து வந்தபோது வரிசையைப் பார்த்தேன். பார்த்தேன். எச் வரிசை முழுக்க ஏறியிருந்தது கண்ணில் பட்டது. பட்டும் பார்வையைப் பதினேழில் கொண்டுபோய் வைத்துக்கொண்டேன். ஸ்டோர் ரூமில் கை நடுங்கியது பயத்தால் என்று நினைத்தேன், இங்கேயும் அப்படித்தான் எழுதினேன். பயம் இல்லை. சந்தோஷம். இப்போது அவளைக் கூப்பிட ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம். இந்தக் காரணத்துக்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள், பெரியப்பாகூட. அவளும் போனை வைத்துவிட முடியாது.

அவள் உடம்பிலும் அவள் பிள்ளை உடம்பிலும் கோளாறு இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டு அவளிடம் போக நினைத்திருக்கிறேன். பதினாறு நாள் அந்த நினைப்பில் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

நேற்று குழிகள் தெளிந்து கிடந்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டது போல இருந்தது.

ஜூன் 28, சனி

காலை பத்தரை மணிக்கு முற்றத்துக் கொடியில் துணி காயப்போட்டேன். கடைசித் துணியை விரித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஹெப்சியின் எண்ணை எடுத்து அமுக்கினேன். என்ன சொல்வது என்று ஒன்றும் சொல்லிப் பார்க்கவில்லை.

நாலு முறை மணி அடித்தது.

"அக்கா?"

என் எண்ணை அவள் வைத்திருக்கிறாள். நான் பேசத் தொடங்கும் முன்பே அவள் பதறிவிட்டாள்.

"அக்கா, யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல."

"பெரியப்பாவுக்கா?"

"பெரியப்பா நல்லாருக்காவ."

"அப்ப ஒனக்கா? நெசத்தச் சொல்லு."

"எனக்கு ஒண்ணுமே இல்ல ஹெப்சி. நேத்து முந்தாநாள்தான் பாத்தோம். நல்லாருக்கேன்."

அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அது நின்றது.

"அப்பொறம் எதுக்குக் கூப்ட்ட?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டிலிருந்து அவளுக்கு எதற்குப் போன் வரும்?

"சும்மாதான்" என்றேன்.

யாரோ ஒருவர் ஆதார் அட்டை ரெண்டு காப்பி, முன்னும் பின்னும் என்று கேட்டது காதில் விழுந்தது. "அண்ணாச்சி, ஒரு அரை மணிக்கூர் கழிச்சு வாங்க" என்று ஹெப்சி சொன்னாள். "தெறந்துதானேம்மா இருக்கு" என்றார் அவர். ஷட்டரை இழுத்து இறக்கும் சத்தம் கேட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சொல்லு" என்றாள்.

அப்பா போன புதன்கிழமையிலிருந்து தொடங்கினேன். எண்ணை எடுத்தது, பெரியப்பா சொன்னது, போனைப் பைக்குள் போட்டது. பெரியப்பாமேல் பழி போடவில்லை. பை என்னுடையது, கை என்னுடையது என்று சொன்னேன். பிறகு அதற்கும் ஆறு வருடம் முன்னால் போனேன், நான் அடுப்படிக்குப் போனதுக்கு. இந்த டெஸ்ட்டையும் சொன்னேன், அதை வைத்துக்கொண்டு நான் நினைத்ததையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் மறுபடி ஒன்றை மறைத்துவைத்துக்கொண்டு அவளோடு பேச முடியவில்லை. கடைக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னபோதுதான் அவள் அழுதாள்.

"ரோட்டத் தாண்ட ஒனக்கு என்னக்கா? நான் ஒன்னக் கடிச்சா வச்சிருவேன்?"

"தெரியலட்டி. பயமா இருந்துச்சு."

"எனக்கு மட்டும் இல்லையா? போன் அடிச்சு ஒம் பேரப் பாத்ததும் மூணு தடவ அடிச்சதுக்கு மேல தாங்கல, எடுத்துட்டேன். எடுக்காம இருக்கணும்னுதான் நெனச்சிருந்தேன்."

ஐம்பது நிமிடம் பேசியிருக்கிறோம். முற்றத்தில் துணியெல்லாம் பாதி காய்ந்துவிட்டது. வைக்கும் முன்பு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன், பாத்துக்கோ."

"இரு."

"நாளைக்கும் இருப்பேன்."

"நாளைக்கும் கூப்பிடுதேன்" என்றேன்.